மோகனம் பழகிய காதுக்கு எத்தியோப்பியா: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு வாசகர், ‘கர்நாடக சங்கீதமும் சினிமாப் பாட்டும் மட்டுமே கேட்டு வளர்ந்தவன் வெளிநாட்டுப் பாட்டு கேட்க ஆசைப்பட்டால் எந்த நாட்டில் ஆரம்பிக்கலாம்?’ என்று கேட்டிருந்தார். ‘எத்தியோப்பியா’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். விடுவார்களா? கடிதம், மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் அதே பேச்சு. அதனால் இந்த வாரம் முழுக்க எத்தியோப்பியாதான். கிரிக்கெட்டும் சினிமாவும் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூர் வாசகி: ஆப்பிரிக்கா என்றால் டிரம்ஸ்தானே? நான் பத்து வருஷம் வீணை கற்றுக்கொண்டவள். எனக்கு அதில் கேட்க என்ன இருக்கப்போகிறது?

ஆப்பிரிக்கா என்றால் டிரம்ஸ் என்பது, இந்தியா என்றால் பாம்பாட்டி என்று வெள்ளைக்காரன் சொன்ன மாதிரி. அதை விடுங்கள். வீணையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

எத்தியோப்பியாவின் மேட்டுநிலப் பாட்டுகளில் பெரும்பாலானவை ஐந்தே சுரங்களில் ஓடுகின்றன. அந்த ஐந்து சுர வரிசைகளை நான்கு குடும்பங்களாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்: திஸிதா, பாத்தி, அம்பாசல், அஞ்சிஹொயே. முதலில் திஸிதா. ச, சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், ப, சதுஸ்ருதி தைவதம். வாசித்துப் பாருங்கள், மோகனம்! திஸிதாவிலேயே காந்தாரத்தையும் தைவதத்தையும் ஒவ்வொரு மெட்டு (வீணையில் அரைச் சுரம்) இறக்கி வாசிக்கும் வகையும் உண்டு, சோகப் பாட்டென்றால் அநேகமாக அதுதான். அடுத்தது பாத்தி. இதிலும் இரண்டு வகை. ஒன்று நம் சுத்த தன்யாசியின் சுரங்கள். இன்னொன்றை உங்கள் தெருவிலேயே கேட்டிருப்பீர்கள். பங்குனிப் பெருவிழாவில் சாமி புறப்படும்போது நாகஸ்வரத்தில் மல்லாரி வாசிப்பார்களே, அந்தக் கம்பீரநாட்டையின் சுரங்கள். அம்பாசல் என்பது சுத்த சாவேரியில் ரிஷபத்தையும் தைவதத்தையும் ஒரு மெட்டு இறக்கினால் வருவது.

இதுவரை எல்லாம் உறவுக்காரர்கள். நான்காவதுதான் ஆளைப் புரட்டிப்போடும். அஞ்சிஹொயேயில் ச, சுத்த ரிஷபம், சுத்த மத்தியமம், உடனே பக்கத்து மெட்டில் பிரதி மத்தியமம், அங்கிருந்து ஒரே தாவாகச் சதுஸ்ருதி தைவதம். பஞ்சமமே கிடையாது. இரண்டு மத்தியமத்தையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தால் உங்கள் வாத்தியார் எழுந்தே போய்விடுவார். ஆனால் நன்றாகப் பாடும் ஒருவர் அதில் பாடும்போது கேளுங்கள், முதல் தடவை ஏதோ சுருதி விலகியது போல இருக்கும், கொஞ்ச நாளில் அது இல்லாத பாட்டு சப்பென்று ஆகிவிடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சுரம் ஒன்றானால் ராகம் ஒன்றாகாது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கே தம்புரா கிடையாது, ஆதார ஷட்ஜம் எது என்று சில பாட்டுகளில் கண்டுபிடிக்கவே நேரமாகும். கமகமும் நம்முடையது இல்லை. குரலை ஒரு சுரத்தின் மேலேயே படபடவென்று நடுக்குவார்கள், வரி முடியும் இடத்தில் அந்த நடுக்கம் கூடும். கிராமத்து வித்வான்கள் வாசிக்கும்போது சுரங்கள் ஆர்மோனியக் கட்டைக்குள் சரியாக உட்காரவும் செய்யாது. ஆக, மோகனம் உங்களை வாசல் வரை கொண்டுபோய் விடும், உள்ளே நீங்களாகத்தான் நடக்க வேண்டும். எதில் ஆரம்பிப்பது என்றால், மஹ்மூத் அஹமத் 1970-களில் பாடிய ‘திஸிதா’வில். திஸிதா என்பது சுர வரிசைக்கும் பெயர், அதில் பாடும் ஒரு பாட்டுக்கும் பெயர். போனதை நினைத்து ஏங்கும் பாட்டு. பேர் வாங்கிய ஒவ்வொரு பாடகரும் தனக்கென்று ஒரு திஸிதா வைத்திருப்பார். பெசவொர்க் அஸ்ஃபாவ் என்ற பாடகியுடையதையும் தேடிக் கேளுங்கள்.

வேளச்சேரி வாசகர்: ‘ப்ரோக்கன் ஃப்ளவர்ஸ்’ என்ற ஆங்கிலப் படத்தில் பின்னணியில் வந்த இசை எத்தியோப்பியாவுடையது என்றார்கள். அந்த ஆசாமியைப் பற்றிச் சொல்லுங்களேன். அவர் போதுமா, வேறு யாரையும் கேட்க வேண்டுமா?

அந்த ஆசாமி முலாது அஸ்தாத்கெ. 1943-ல் ஜிம்மா என்ற ஊரில் பிறந்தவர். வீட்டில் எஞ்சினீயரிங் படிக்கத்தான் பிரிட்டனில் வேல்ஸுக்கு அனுப்பினார்கள். பையன் அங்கே இசைப் பக்கம் திரும்பி, லண்டன் டிரினிட்டி கல்லூரிக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து பெர்க்லீ கல்லூரிக்குப் போய்விட்டான். பெர்க்லீயில் படித்த முதல் ஆப்பிரிக்க மாணவர் அவர்தான். எஞ்சினீயரிங்கில் சேர்த்துவிட்ட பிள்ளை கீபோர்டோடு வந்து நிற்பது நம்மூருக்கு மட்டும் சொந்தமில்லை என்று தெரிந்து என் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அவர் செய்த காரியம் எளிதில்லை. ஜாஸ் என்பது பன்னிரண்டு சுரத்திலும் கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது, போட்டுத் திரியும் இசை. எத்தியோப்பியப் பாட்டு ஐந்து சுரத்தில் நிற்பது. கார்டை இஷ்டத்துக்குப் போட்டால் ஐந்து சுரத்தின் மணம் போய்விடும், போடாவிட்டால் ஜாஸ் இல்லை. மெட்டை ஐந்து சுரத்திலேயே விட்டுவிட்டு, அதன் அடியில் மெதுவாக நகரும் கார்டுகளையும் லத்தீன் தாளத்தையும் வைத்து, மேலே வைப்ரஃபோனை ஒலிக்க விட்டார். வைப்ரஃபோன் என்பது உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் வாத்தியம், ஒவ்வொரு தட்டும் அலை அலையாக ஆடி அடங்கும். எத்தியோ ஜாஸ் என்று அதற்குப் பெயர் வந்தது. 1972-ல் வந்த ‘முலாது ஆஃப் எத்தியோப்பியா’ முழுசாகக் கேட்க வேண்டிய ஆல்பம். 1973-ல் அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எல்லிங்டன் தலைநகர் அடிஸ் அபாபா வந்தபோது அவரோடும் சேர்ந்து வாசித்திருக்கிறார். அப்புறம் வெளியுலகம் மறந்துவிட்டது. 2005-ல் ஜிம் ஜார்முஷ் எடுத்த அந்தப் படம் வந்த பிறகுதான் லண்டன், பாரிஸ் எல்லாம் அவரை மறுபடி தேடியது.

அவர் போதுமா? போதாது என்பேன், கொஞ்சம் சண்டைக்காரத் தொனியிலேயே சொல்வேன். பாட்டு இல்லாத இசை என்பதால் மொழித் தடை இல்லை, அதனால் வெளிநாட்டுக்காரர்களுக்கு முலாது பிடித்துப்போனது, காபி ஷாப்பில் மெல்ல ஓடவிடவும் வசதி. ஆனால் எத்தியோப்பியர்களிடம் கேட்டால் முதலில் வரும் பெயர் திலாஹுன் கெசெசெ. ‘குரல்’ என்றுதான் அவரைச் சொல்வார்கள், அடைமொழி அவ்வளவுதான். 2009-ல் அவர் இறந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள், நாடே அழுதது. எத்தியோப்பியப் பாட்டு என்பது குரலும் சொல்லும். வாத்தியம் அதைச் சுமந்து போகும் பல்லக்கு. முலாதுவைக் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டவர் கச்சேரிக்கு வந்து தனி ஆவர்த்தனம் மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனவர்.

புரசைவாக்கம் வாசகர்: கல்யாண ஊர்வலங்களில் பேண்டு வாத்தியத்தில் டிரம்பெட் வாசிக்கிறேன். நீங்கள் எழுதியதைப் பார்த்து யூடியூபில் கேட்டேன். அந்தப் பழைய பாட்டுகளில் எங்கள் செட்டு மாதிரியே டிரம்பெட், சாக்ஸ், டிராம்போன் எல்லாம் வருகிறதே, எப்படி அங்கே போனது?

சரியான காது உங்களுக்கு. அந்தக் கதை ஜெருசலேமில் ஆரம்பிக்கிறது. 1924-ல், பின்னாளில் ஹைலே செலாசி என்று பேரரசரானவர், அப்போது ராஸ் தஃபாரி, வெளிநாட்டுப் பயணத்தில் ஜெருசலேம் போனார். அங்கே ஆர்மீனிய மடத்தில் நாற்பது அனாதைப் பையன்கள் பித்தளை வாத்தியம் வாசித்து வரவேற்றார்கள், துருக்கியில் ஆர்மீனியர்கள் கொன்று குவிக்கப்பட்டபோது தப்பிப் பிழைத்த பிள்ளைகள். அவருக்குப் பிடித்துப்போய், மடத்தோடு பேசி, நாற்பது பேரையும் அடிஸ் அபாபாவுக்கு அழைத்துக்கொண்டார். ‘நாற்பது பிள்ளைகள்’ என்றே அந்த பேண்டுக்குப் பெயர். அவர்களுக்கு வாத்தியாராக இருந்த கெவோர்க் நல்பந்தியான்தான் எத்தியோப்பியாவின் முதல் தேசிய கீதத்துக்கு மெட்டுப் போட்டவர். அவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளை நெர்செஸ் நல்பந்தியான் பின்னாளில் அரசாங்க வாத்தியக் குழுக்களுக்கு எத்தியோப்பிய மெட்டுகளைப் பித்தளைக்கு ஏற்ற மாதிரி எழுதிக்கொடுத்துப் பழக்கினார்.

அப்புறம் பேரரசரின் மெய்க்காப்பாளர் படைக்கு ஒரு பேண்டு, போலீசுக்கு ஒன்று, ராணுவத்துக்கு ஒன்று, அரசு நாடக அரங்குக்கு ஒன்று. பகலில் சீருடையில் அணிவகுப்பு, ராத்திரி அதே ஆட்கள் கிளப்பில் ஆட்டம். நீங்கள் கேட்ட பாட்டுகளில் பின்னால் வரும் பித்தளை எல்லாம் பெரும்பாலும் சிப்பாய்கள் வாசித்தது, அந்த விறைப்பு அதில் தெரிகிறதா பாருங்கள். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸஃபோனைக் கேட்டுத்தான் கத்ரி கோபால்நாத் அதன் பின்னால் போனார் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உங்களுக்கென்று ஒருவரைச் சொல்கிறேன். கெதாச்செவ் மெகுர்யா, சாக்ஸ் வாசித்தவர், 2016-ல் காலமானார். போருக்குப் போகும் வீரன் எதிரியைப் பார்த்துக் கத்திப் பாடும் ‘ஷெலெலா’ என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. அந்தக் கத்தலை அப்படியே சாக்ஸில் கொண்டுவந்தார். மூச்சு கிழிகிற மாதிரி, இரைந்து, சுரத்தின் ஓரத்தில் உரசிக்கொண்டு போகும் வாசிப்பு. எழுபது வயதில் ‘தி எக்ஸ்’ என்ற டச்சு பங்க் குழுவோடு சேர்ந்து ‘மோவா அன்பெஸ்ஸா’ என்று ஓர் ஆல்பம் போட்டார், 2006-ல். எலெக்ட்ரிக் கிடாரெல்லாம் பின்னால் இரைய, முன்னால் பெரியவர் அசையாமல் நின்று ஊதுகிறார். தாளத்தையும் கவனியுங்கள். நிறைய பாட்டில் ஆறு ஆறாக எண்ணலாம், நம் திஸ்ர நடைக்குக் கால் தட்டினால் ஒட்டிக்கொள்ளும். தோள் மட்டும் குலுங்கும் அவர்களுடைய ‘எஸ்கிஸ்தா’ ஆட்டம் பெரும்பாலும் இந்த நடையில்தான். உங்கள் செட்டில் இரண்டு பாட்டை இறக்கிப் பாருங்கள், மாப்பிள்ளை வீட்டார் எந்தப் படத்துப் பாட்டு என்று கேட்பார்கள்.

ராயப்பேட்டை வாசகர்: அம்ஹா எஷெதே, அலெமாயெஹு எஷெதே இரண்டு பேரும் அண்ணன் தம்பியா?

இல்லை. இரண்டு பேருக்கும் அப்பா பெயர் எஷெதே, அவ்வளவுதான். எத்தியோப்பியாவில் குடும்பப் பெயர் கிடையாது, தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர். நம் இனிஷியல்தான், இடம் மட்டும் பின்னால். அதனால் முலாதுவை முலாது என்றுதான் சொல்ல வேண்டும், ‘திரு. அஸ்தாத்கெ’ என்று எழுதினால் அவருடைய அப்பாவைக் கூப்பிடுகிறீர்கள் என்று அர்த்தம். இணையத்தில் தேடும்போதும் முதல் பெயரை வைத்துத் தேடுங்கள். ஆங்கிலத்தில் ஒரே பெயரை நாலு விதமாக எழுதுவார்கள், ஒன்றில் கிடைக்காவிட்டால் எழுத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு பேருமே சுவாரசியமான ஆட்கள். அலெமாயெஹு சின்ன வயசில் எல்விஸ் பித்துப் பிடித்து, ஹாலிவுட் போகிறேன் என்று வீட்டை விட்டு ஓடிக் கப்பல் ஏறத் துறைமுகம் வரை போய்விட்டவர். கோடம்பாக்கத்துக்கு ஓடிவந்தவர்கள் கதை மாதிரியே. திரும்ப வந்து, போலீஸ் பேண்டில் பாடி, ‘எத்தியோப்பியாவின் எல்விஸ்’ என்று பெயரெடுத்தார். 2021-ல் காலமானார். அம்ஹா பாட்டுக்காரர் இல்லை, ரெக்கார்டு கடைக்காரர். இசைத்தட்டு வெளியிடும் உரிமை அரசு சார்ந்த ஒரே ஓர் அமைப்புக்குத்தான் என்று பேரரசர் ஆணை இருந்த காலம். அந்த அமைப்போ புதுப் பாட்டு எதையும் வெளியிடுவதாக இல்லை. 1969-ல் இருபத்து சொச்சம் வயது அம்ஹா ஆணையைக் கண்டுகொள்ளாமல் அலெமாயெஹு பாட்டையே முதலில் வெளியிட்டார். ஜெயிலில் போடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அந்தச் சின்னத் துணிச்சலில்தான் நாம் இன்றைக்குக் கேட்கும் பாட்டில் பாதி பதிவானது.

பல்லாவரம் வாசகர்: என் அப்பா 1970-களின் கடைசியில் எத்தியோப்பியாவில் கணக்கு வாத்தியாராக இருந்தார். இப்போது இல்லை. பரணில் ஒரு டப்பா நிறைய அங்கே வாங்கிய கேசட்டுகள் இருக்கின்றன. ராத்திரி ஊரடங்கு, துப்பாக்கிச் சத்தம் என்றெல்லாம் சொல்வார். அந்த மாதிரி நாட்டில் பாட்டு எப்படி இருந்தது? கேசட்டை என்ன செய்ய?

எடைக்குப் போட்டுவிடாதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எத்தியோப்பியப் பள்ளிக்கூடங்களில் அந்தக் காலத்தில் இந்திய வாத்தியார்கள் நிறையப் பேர், கேரளாக்காரர்களும் நம்மவர்களுமாக. உங்கள் அப்பா பார்த்தது தெர்க் ஆட்சி. 1974-ல் ராணுவம் பேரரசரை இறக்கிவிட்டு ஆட்சியைப் பிடித்தது, மெங்கிஸ்து ஹைலே மரியம் 1991-ல் ஓடிப்போகும் வரை அதுதான். ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். பாட்டு வரிகளுக்குத் தணிக்கை. இசைத்தட்டுத் தொழில் படுத்தது, அம்ஹா 1975-லேயே அமெரிக்கா போய்விட்டார். தட்டு போன இடத்துக்குக் கேசட் வந்தது.

ராத்திரி ஊரடங்கு என்றால் கிளப்பெல்லாம் மூட வேண்டியதுதானே? அங்கேதான் வேடிக்கை. பெரிய ஹோட்டல்களில் ஊரடங்குக்கு முன்னால் உள்ளே வந்தவர்கள் விடியும் வரை வெளியே போக முடியாது, அதனால் பேண்டும் விடிய விடிய வாசித்தது. அடிஸ் அபாபா ஹில்டனில் அப்படி வாசித்தவர்கள் வாலியாஸ் பேண்டு. அவர்களுடைய ‘முஸிகாவி ஸில்த்’ இன்றைக்கும் உலகம் முழுக்க இளம் பேண்டுகள் வாசிக்கும் பாட்டு, ‘செ பெலெவ்’ என்ற 1977 ஆல்பத்தில் இருக்கிறது. பாடும் ஆள் இல்லாமலே ஓடியதற்கு ஒரு காரணம், வரி இல்லாத பாட்டில் தணிக்கைக்காரருக்கு வேலை இல்லை.

அதில் ஆர்கன் வாசித்தவர் ஹைலு மெர்கியா. 1981-ல் பேண்டோடு அமெரிக்கா போனவர் அங்கேயே தங்கிவிட்டார். வாஷிங்டனில் டாக்ஸி ஓட்டினார். அந்த ஊர் டல்லஸ் (Dulles) விமான நிலையத்தில் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் டிக்கியிலிருந்து பேட்டரி கீபோர்டை எடுத்து, பின் சீட்டில் உட்கார்ந்து வாசித்துப் பழகுவாராம். அவர் 1985-ல் அக்கார்டியனும் சிந்தசைசரும் வைத்துத் தனியாளாகப் பதிந்த ஒரு கேசட், வருஷங்கள் கழித்து எத்தியோப்பியாவில் ஒரு கடையில் பிரயன் ஷிம்கோவிட்ஸ் என்ற அமெரிக்கர் கையில் கிடைத்தது. அவர் டாக்ஸிக்காரரைத் தேடிப்பிடித்து 2013-ல் மறுபடி வெளியிட்டார். எழுபது வயதுக்கு மேல் ஹைலு உலகம் சுற்றி வாசித்தார், 2018-ல் ‘லாலா பெலு’ என்று புது ஆல்பமும் போட்டார்.

ஆகவே உங்கள் டப்பாவில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தால் நீங்களே பிளேயரில் போடாதீர்கள், மற்ற கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். சுத்தமாக இருந்தாலும், டேப்பை அழுத்திப் பிடிக்கும் அந்தக் குட்டிப் பஞ்சு கழன்றிருக்கிறதா பாருங்கள், பழைய கேசட்டில் பசை காய்ந்து விழுந்துவிடும். பழைய டேப்பைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கும் ஆட்கள் சென்னையில் இன்னும் இருக்கிறார்கள். அட்டையை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள், எழுத்து அந்த நாட்டு மொழியான அம்ஹாரிக்காக இருந்தாலும் படிக்க ஆள் கிடைப்பார்.

வியாசர்பாடி வாசகர்: எங்கள் கானா மாதிரி அங்கே ஏதாவது உண்டா? இல்லை எல்லாமே ஓட்டல் பேண்டுதானா?

உண்டு, நன்றாகவே உண்டு. அஸ்மாரி என்று பாடகர்கள். மசின்கோ என்று ஒற்றைத் தந்தி வாத்தியம், சதுரப் பெட்டியில் தோல் போர்த்தி, குதிரைமுடித் தந்தியை வில்லால் இழைப்பது, அதுதான் துணை. அவர்கள் பாடும் சின்ன மதுக்கடைக்கு அஸ்மாரி பேத் என்று பேர். நீங்கள் போய் உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் உங்கள் சட்டை, தொப்பை, கூட வந்தவர் எல்லாம் பாட்டில் வந்துவிடும், அங்கேயே கட்டிப் பாடுவது. பக்கத்து மேஜைக்காரர் ஒரு வரியை எடுத்துக்கொடுப்பார், அதையும் சேர்த்துப் பாடுவார். பிடித்திருந்தால் நோட்டை எடுத்து அவர் நெற்றியில் ஒட்டுவார்கள். சமூகத்தில் அவர்களுக்கு நெடுநாளாக இருந்த இடமும் கானாக்காரர்களுக்கு இருந்ததுதான், விசேஷத்துக்கு வேண்டும், வீட்டுக்குள் வேண்டாம். இன்றைக்குக் கொஞ்சம் மாறியிருக்கிறது, அங்கேயும் இங்கேயும்.

அவர்கள் வரிகளில் ஒரு வித்தை உண்டு, அதற்கு ‘மெழுகும் தங்கமும்’ என்று பெயர். சுவாமிமலையில் சிலை வார்ப்பது எப்படி? மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூடாக்கி, மெழுகு உருகி ஓடிய பிறகு அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். பாட்டில் மேலே கேட்கும் அர்த்தம் மெழுகு, உள்ளே இருக்கும் அர்த்தம் தங்கம். காதலியைப் பற்றிப் பாடுவது போல இருக்கும், திட்டு வாங்குவது மந்திரியாக இருக்கும். காளமேகத்தின் சிலேடையை ரசித்த நாம் இதைக் கேட்டுச் சொக்காமல் இருக்க முடியாது, அம்ஹாரிக் தெரிந்தால். தெரியாதே என்கிறீர்களா? நமக்கும் மெழுகுகூடக் கிடைக்காது, உண்மைதான். ஆனால் வீடியோவில் கூட்டத்தைப் பாருங்கள். வரி முடிந்து ஒரு நொடி அமைதி, அப்புறம் ஒரு மூலையில் ஒருவர் சிரிப்பார், பிறகு மொத்தக் கடையும். தங்கம் இறங்கிய இடம் அது.

திருவொற்றியூர் வாசகர்: எத்தியோப்பியா என்றால் ஒரே மொழியா? நீங்கள் அம்ஹாரிக் பற்றி மட்டும்தான் பேசுகிறீர்கள்.

குட்டு சரியான இடத்தில் விழுந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகள். அதிகம் பேர் தாய்மொழியாகப் பேசுவது ஒரோமோ, ஆனால் பேரரசர் காலத்தில் பள்ளியிலும் அலுவலகத்திலும் மேடையிலும் அம்ஹாரிக்குக்குத்தான் இடம். இது எங்கேயோ கேட்ட கதை என்று தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டாம். 1960-களின் தொடக்கத்தில் திரே தவா நகரத்தில் ‘அஃப்ரான் கல்லோ’ என்று ஒரு கலைக்குழு ஒரோமோவில் பாட ஆரம்பித்தது, அரசாங்கம் அதை ஒடுக்கியது. அதில் விடலைப் பையனாகப் பாடியவர்தான் அலி பிர்ரா. முதல் பாட்டின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தேய்த்து இழுக்காத குரல், கூடவே ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியமும் கிடாரும். 2022-ல் இறக்கும் வரை ஒரோமோ இசையின் தலைமகன் அவர்தான். அரபியிலும் ஹராரியிலும் சோமாலியிலும் அம்ஹாரிக்கிலும்கூடப் பாடியிருக்கிறார்.

அடுத்த தலைமுறையில் ஹசாலு ஹுண்டெஸா. பதினேழு வயதில் சிறைக்குப் போய், ஐந்து வருஷம் உள்ளே இருந்து, அங்கேயே பாட்டெழுதப் பழகி வெளியே வந்தவர். ஒரோமோ போராட்டங்களில் அவர் பாட்டு ஒலிக்காத ஊர்வலம் இல்லை. 2020 ஜூன் 29 ராத்திரி அடிஸ் அபாபாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள், முப்பத்து சொச்சம் வயது. ஊரே கொந்தளித்தது, கலவரத்தில் நிறைய உயிர் போனது, நாடு முழுக்க இணையத்தை நிறுத்தினார்கள். பழைய பாட்டைப் ‘பொற்காலம்’ என்று கொண்டாடும் என் போன்றவர்கள், 1969 முதல் 1975 வரை அடிஸ் அபாபாவில் பதிவானதை மட்டும் கேட்டுவிட்டு நாட்டையே கேட்டதாக நினைத்துக்கொள்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

ஆழ்வார்பேட்டை வாசகி: பெண் குரல்களும் சொல்லுங்கள்.

அஸ்தெர் அவெகெ. கொண்டாரில் பிறந்து, அமெரிக்காவில் வாஷிங்டன் உணவகங்களில் பாடி, 1989-ல் ‘அஸ்தெர்’ ஆல்பத்தோடு உலகத்துக்குத் தெரியவந்தவர். சட்டென்று உச்சத்துக்கு ஏறி, அங்கே நிற்காமல் வழுக்கி இறங்கும் குரல். பழையதில் அஸ்னகெச் வொர்கு, நாடக நடிகை, கிரார் என்ற யாழ் போன்ற வாத்தியத்தை மீட்டிக்கொண்டு பாடுவார், பாட்டா பேச்சா என்று பிரிக்க முடியாது.

ஜனரஞ்சகப் பட்டியலில் வராதவர் என்றாலும் எமஹோய் செகே மரியம் கெப்ருவைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1923-ல் பிறந்தவர், ஆறு வயதில் சுவிட்சர்லாந்து விடுதிப் பள்ளி, இத்தாலி படையெடுத்தபோது குடும்பத்தோடு கைதி, பிறகு கெய்ரோவில் வயலினும் பியானோவும். லண்டன் போய்ப் படிக்கக் கிடைத்த வாய்ப்பு தடைபட்டுப்போனதில் மனம் உடைந்து, இருபத்தோரு வயதில் துறவியாகி, மலை மடத்தில் செருப்பில்லாமல் வருஷக்கணக்கில் இருந்தார். பின்னாளில் ஜெருசலேமில் எத்தியோப்பிய மடத்தில் ஒரு சின்ன அறையில் பியானோவோடு வாழ்ந்து, 2023-ல் 99 வயதில் இறந்தார். தனிப் பியானோதான். இடது கை மேற்கத்திய பாணியில் நடக்கும், வலது கை கோயில் பாட்டின் சுரங்களில் நின்று நின்று போகும். ‘எத்தியோப்பிக்ஸ்’ என்ற தொகுப்பு வரிசையில் 21-ஆவது அவருடையது. டிசம்பர் சபாக் கூட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு கேட்கத் தோதாக இருக்கும்.

அண்ணா நகர் வாசகர்: மூன்று பாட்டுக் கேட்டேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது.

கச்சேரிக்கு முதன்முதல் வந்த என் மைத்துனர் கல்யாணிக்கும் தோடிக்கும் இதையேதான் சொன்னார். நான்காவது பாட்டையும் கேளுங்கள். அப்போதும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், கட்டாயமா என்ன?

தாம்பரம் வாசகர்: இசைத்தட்டு சேகரிப்பவன். மூர் மார்க்கெட்டில் இந்தப் பழைய எத்தியோப்பியத் தட்டுகள் கிடைக்குமா?

கிடைத்தால் எனக்கும் ஒரு போன் போடுங்கள். அசல் 45 ஆர்.பி.எம். தட்டுகள் அப்போதே குறைவாக அச்சானவை, இப்போது உலகச் சேகரிப்பாளர்கள் விலையை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள், நமக்குக் கட்டாது. பிரான்சில் ஃபிரான்சிஸ் ஃபால்செத்தோ என்பவர் 1984-ல் ஒரு மஹ்மூத் அஹமத் தட்டைக் கேட்டு மயங்கி, எத்தியோப்பியாவுக்கே போய்த் தேடித் தேடிச் சேர்த்து, 1990-களின் பின்பாதியிலிருந்து வெளியிட்டு வருவதுதான் மேலே சொன்ன ‘எத்தியோப்பிக்ஸ்’ வரிசை, முப்பது தொகுப்பு அளவுக்கு வந்திருக்கிறது. ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் பத்தாவதை வாங்குங்கள், முழுக்கத் திஸிதா. முலாதுவுக்கு நான்காவது. மஹ்மூத் அஹமதின் ‘எரெ மெலா மெலா’ தனியாகவும் மறுபதிப்பு வந்திருக்கிறது. அவர் செருப்புக்குப் பாலிஷ் போட்ட பையன், பிறகு ஒரு கிளப்பில் எடுபிடி, ஒருநாள் ராத்திரி பாடகர் வராததால் மேடை ஏறியவர். மறுபதிப்பு வாங்கும்போது உரிமை வாங்கிப் போட்டதா என்று பார்த்து வாங்குங்கள், இந்தப் பாட்டுகளில் திருட்டுப் பதிப்பு கொஞ்சம் ஜாஸ்தி.